தந்த வாக்கும் தரும் வாக்கும்



தமிழில் 'வாக்கு' என்பது சொல்லைக் குறிக்கும். கொடுத்த உறுதியைக் குறிக்கும். தேர்தலில் இடும் ஓட்டையும் குறிக்கும். தலைவர் தருவதற்கும் குடிமக்கள் தருவதற்கும் பெயர் ஒன்றே. ஆகவே, முன்னது தவறினால் பின்னது கணக்குக் கேட்கும். அமெரிக்க மருத்துவக் காப்புறுதியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விழைகின்றேன்.

2010 மார்ச் 23ஆம் நாள் அதிபர் ஒபாமா காப்புறுதிச் சீர்திருத்தச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தத்தம் காப்புறுதித் திட்டம் பிடித்திருப்போர் அதனையே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மேடைதோறும் உறுதி கூறினார். சட்டமோ, அந்நாளில் நடப்பில் இருந்து, பின்னர்ப் பெரிதும் மாறாத திட்டங்களுக்கே விலக்கு அளித்தது. மேடையில் இல்லாத 'ஆனால்' சட்டத்தில் இருந்தது. 2013 இறுதியில், திட்டம் நிறுத்தப்படுகிறது என்னும் கடிதம் இலட்சக்கணக்கானோரின் இல்லம் சேர்ந்தது. கடிதத்தையும் பதிவான பேச்சையும் மக்கள் அருகருகே வைத்துக் கேள்வி எழுப்பினர். நவம்பர் 7 அன்று அதிபர் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். ஒரு வாரத்தில், அத்திட்டங்களை ஓராண்டு நீட்டிக்கவும் வழிவிட்டார்.

அச்சட்டத்தால் ஏறத்தாழ 20 மில்லியன் பேர் புதிதாகக் காப்புறுதி பெற்றனர் என்பதும் உண்மையே. ஆயினும், செய்த நன்மை தவறிய சொல்லை அழித்துவிடாது.

அடுத்து வந்த டிரம்ப், பதவியேற்குமுன் அனைவருக்கும் காப்புறுதி என்றார். அவர் ஆதரித்த சட்ட முன்வரைவு 2017 மே 4 அன்று கீழவையில் நிறைவேறியது. அது நடப்புக்கு வந்தால், 2026இல் காப்புறுதியற்றோர் 23 மில்லியன் கூடுவர் என நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் கணித்தது. தொகுதிக் கூட்டங்களில் நோயாளிகளே எழுந்து நின்று தம் உறுப்பினர்களை வினவினர். ஜூலை 28 அன்று, சுருக்கப்பட்ட வேறொரு முன்வரைவும் மேலவையில் 51க்கு 49 என்ற வாக்குகளில் தோற்றது.

இரு கட்சியினரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே நேர்மை. தலைவருக்குத் தவறிய வாக்கு ஒரு வருத்தச் செய்தியோடு முடியலாம். நோயாளிக்கோ அது நின்றுபோன மருந்து.

மாணவர்களே, வாக்குறுதி ஒன்றைக் கேட்டால் அதன் சொற்களை நாளிட்டு எழுதி வையுங்கள். நிபந்தனை யாது, செலவை ஏற்பவர் யார், எந்நாளுக்குள் நிறைவேறும் என்று வினவுங்கள். ஆசிரியர்களே, கருத்துணர்தல் பாடத்தில் நாம் பயிற்றுவிப்பது இதனைத்தானே! சொல்லை நினைவில் வைத்திருப்போரே கணக்குக் கேட்க வல்லார்.