சட்டமன்றச் சண்டையும் சாதாரண மக்களும்

 

சம்பளம் வாங்கிய அன்றைக்கே நம் வீட்டுப் பெண்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அரிசிக்கு இவ்வளவு, பிள்ளையின் சப்பாத்துக்கு இவ்வளவு, கடைப் பற்றுக்கு இவ்வளவு. கணவனும் மனைவியும் கோபித்துக்கொண்டு பணப்பெட்டியைப் பூட்டிவிட்டால் யார் பட்டினி கிடப்பது? பிள்ளைகள்தாம்.

மாநில வரவு செலவுத் திட்டமும் அப்படிப்பட்ட கணக்குத்தான். சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க முடியாது. ஆசிரியர் சம்பளம் மத்திய அரசின் பொறுப்பு. ஆனால் நிலமும், மாநிலச் சாலைகளும், ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பம் வீட்டு மனைக்கும், இடுகாட்டுக்கும் மனுக் கொடுப்பது அங்கேதான்.

இந்தக் கணக்கு முடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைப் பாருங்கள். ஆளுநர் ஒரு கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி. 2015 ஜூலை முதல் 2017 ஜூலை வரை, இரண்டு ஆண்டுகள், முழுமையான வரவு செலவுத் திட்டம் இல்லை. முதியோருக்கும் ஏழைகளுக்கும் உதவிய அமைப்புகள் பணம் வராமல் ஆட்களை நிறுத்தின. மாநிலத்தின் கடன் பாக்கி 1,400 கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில், ஆளுநரின் சொந்தக் கட்சியினர் சிலரும் மறுபக்கம் சேர்ந்து வாக்களித்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. வருமான வரியும் 3.75 விழுக்காட்டிலிருந்து 4.95 விழுக்காடாக உயர்ந்தது. சண்டை போட்டவர்கள் தலைவர்கள். விலை கொடுத்தவர்கள் மக்கள்.

இலங்கையிலும் 2018 அக்டோபரில் பிரதமர் பதவிச் சண்டை மூண்டது. நவம்பரில் வரவேண்டிய திட்டம் வரவில்லை. தேயிலைத் தோட்ட மக்கள் 1,000 ரூபாய் நாள் சம்பளம் கேட்டுப் போராடிய காலம் அது. ஆயினும், டிசம்பர் 21ஆம் தேதி நாடாளுமன்றம் கூடி, 2019இன் முதல் நான்கு மாதச் செலவுக்கு ஒப்புதல் தந்தது.

நம் மலாக்காவில், 2021 அக்டோபர் 4ஆம் தேதி, 28 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 4 பேர் முதலமைச்சருக்கு ஆதரவை விலக்கிக்கொண்டனர். மன்றம் கலைந்தது. ஆண்டு முடிய மூன்று மாதம்கூட இல்லாத நேரம்! கோவிட் காலத்திலேயே நவம்பர் 20இல் தேர்தலும் நடந்தது. இடைப்பட்ட ஒன்றரை மாதம், மக்கள் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க மன்றமே இல்லை.

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்களே! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பது உங்கள் கடமை. அளவுபடியை ஒளித்து வைப்பது கடமையல்ல. யாருக்குப் பெரும்பான்மை என்ற வழக்கைத் தனி வாக்கெடுப்பில் தீர்த்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் குறை இருந்தால் மன்றத்திலே எழுந்து சொல்லுங்கள். அதற்கும் உடன்பாடு வராவிட்டால், சில மாதச் செலவுக்காவது கை தூக்குங்கள்.

நேயர்களே, வாக்குக் கேட்டு வருபவரிடம் நாமும் ஒன்று கேட்போம்: “ஐயா, மக்கள் பணத்துக்கு வாக்கெடுத்த அன்று நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கினீர்கள்?”