மலை ஏற வேண்டியது வண்டியா, மாமியாரா?



‘அன்றாடச் சாலையில் ஓடும் குடும்பக் காருக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையா, தேவையில்லையா?’ இதுதானே தலைப்பு? தேவையில்லை என்று பேச வந்திருக்கிறேன். நான் நாமக்கல்காரி. அப்பா லாரி ஓட்டியவர். எங்க ஊர்ல குழந்தை ‘அம்மா’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ‘ஆக்சில்’னு சொல்லும். (சிரிப்பு) அதனால ‘பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்’னு மட்டும் தயவுசெய்து ஆரம்பிச்சுடாதீங்க.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் என்ன சொன்னார்? ‘நாலு சக்கரமும் இழுத்தா வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், குடும்பத்துக்கு அதுதான் பாதுகாப்பு’ன்னார். கைதட்டலும் வாங்கினார். நடுவர் அவர்களே, இழுக்கிறது வேற, நிக்கிறது வேற! என்ஜினின் சக்தி எத்தனை சக்கரத்துக்குப் போகிறது என்பதுதான் ஃபோர் வீல் டிரைவ். சேற்றிலோ மணலிலோ பின் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும்போது, முன் சக்கரமும் சேர்ந்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். அருமையான விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேக்? சின்னக் காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஏபிஎஸ் கூட 2019 ஏப்ரலிலிருந்து புதுக் காருக்கெல்லாம் கட்டாயம். மழை பெய்த தார் ரோட்டில் குறுக்கே ஓர் ஆடு ஓடி வந்தால் வண்டியை நிறுத்துவது நல்ல டயரும், பிரேக்கும், ஓட்டுகிறவர் விட்டிருக்கும் இடைவெளியும்தான். கியருக்குப் பக்கத்துல இருக்கிற அந்தக் குட்டி லிவர் அப்போ வேடிக்கைதான் பார்க்கும்.

அந்த லிவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று இருக்கிற வேலைக்கு நல்ல வண்டிதான். தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், ஆறு காற்றுப்பை. ஆனால் சாதாரணமாக ஓடும்போது அதில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். தேவைப்பட்டால் லிவரைப் போட்டு நாலையும் சேர்க்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் அப்படிச் சேர்த்து ஓட்டக் கூடாது! ஏன்? வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். லிவரைப் போட்டதும் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் சுற்று என்று கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கை நேர்பண்ணிக்கொள்ளும். தார் ரோடு வழுக்க விடாதே! ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், உள்ளே இருக்கிற பல் சக்கரமெல்லாம் முறுக்கிக்கொள்ளும். எப்போதும் நாலும் இழுக்கும்படி நடுவில் தனி அமைப்பு வைத்த வண்டிகளும் உண்டு; அவற்றின் விலையைக் கேட்டால் நமக்கு முறுக்கிக்கொள்ளும்.

சொல்லுங்க சகோதரரே, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல எத்தனை கிலோமீட்டர் சேறு இருக்கு? வருஷத்துல 360 நாள் வேலை செய்யாத சாமானைச் சுமந்துகிட்டு, அதுக்குப் பெட்ரோலும் ஊத்துறதுக்குப் பேரு பாதுகாப்பா?

‘மலைக்குப் போக வேண்டாமா’ன்னு கேட்டார் இன்னொருத்தர். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. தினமும் அரசுப் பேருந்து ஏறுது. உள்ளே வாழைத்தார், பலாப்பழம், உட்கார்ந்தவங்க, நின்னுகிட்டிருக்கிறவங்க. அந்தப் பேருந்தை இழுப்பது பின் சக்கரம் மட்டும்தான் ஐயா! (கைதட்டல்)

வெள்ளத்துக்கு ஆகுமாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். காற்று இழுக்கும் குழாயில் தண்ணீர் புகுந்தால் எந்த என்ஜினும் நின்றுபோகும். இரண்டடி ஆழத்துக்கு ஓடும் தண்ணீர் பெரிய வண்டியையே தள்ளிக்கொண்டு போய்விடும். வண்டி உயரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் இறங்குவதுதான் ஆபத்து.

சரி, வண்டி கிடக்கட்டும். அதில் ஏறுகிறவர்களைப் பார்ப்போமா? எங்க வீட்ல ஆறு பேர். ஜிம்னியில் நாலு பேர்தான் உட்காரலாம். மீதி ரெண்டு பேரை மேலே கேரியர்ல கட்டிடலாமா? (சிரிப்பு) 2020-ல் வந்த தாரில் கதவே ரெண்டுதான்; முன் சீட்டை மடக்கிவிட்டுத்தான் பின்னால் ஏறணும். 2024-ல் ஐந்து கதவோடு இன்னொரு தார் வந்தது, நல்லது. உயரம் குறைந்ததா?

எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 71 வயசு. மூட்டு வலி. சொந்தக்காரர் ஒருத்தர் உயரமான வண்டி வாங்கி எங்களையெல்லாம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் வாசலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், ரெண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து, பின்னாலிருந்து ஒருத்தர் தூக்கி ஏற்றினோம். அத்தை சிரித்துக்கொண்டேதான் ஏறினார். அடுத்த வாரம் ஒரு கல்யாணம். ‘நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்’னுட்டார். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் அதே பதில்தான். நடுவர் அவர்களே, பெரியவங்க நம்மகூட வர்றதை நிறுத்துறது சண்டை போட்டுட்டு இல்லை. இப்படித்தான், நமக்கு வலிக்காத மாதிரி நிறுத்துறாங்க. அந்த வண்டி எந்த மலைக்கு வேணா ஏறட்டும். அத்தை அதில் ஏறலையே!

அதனால வண்டி பார்க்கப் போறவங்க டெஸ்ட் டிரைவுக்கு வீட்டிலேயே மூத்தவங்களையும் சின்னக் குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பெரியவங்க மூணு தடவை தானாக ஏறி இறங்கட்டும். குழந்தையை வண்டிக்கு முன்னால் நிற்க வைத்து, என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை அடி தள்ளிப் போனால் தலை தெரிகிறது? இந்த ஒரு சோதனையைப் பண்ணின அம்மாக்கள் யாரும் உயரமான மூக்குள்ள வண்டியை அவ்வளவு சுலபமா விரும்ப மாட்டாங்க. அப்புறம், முன் சீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லாதீங்க. லாரி மாதிரி சட்டத்தின் மேல் பாடி கட்டின வண்டி இது. குண்டும் குழியுமான தெருவில் பின் சீட்டில் உட்கார்ந்து கால் மணி நேரம் போய்ப் பாருங்க. பின் கதவையும் திறந்து பாருங்க. ஸ்டெப்னியைச் சுமந்துகிட்டுப் பக்கவாட்டில் திறக்கிற கதவு; பின்னால் ஒருத்தர் ஒட்டி நிறுத்திட்டா காய்கறிப் பையைக்கூட எடுக்க முடியாது.

வால்பாறை எஸ்டேட்டுக்குள்ளே குடியிருக்கிறவங்க, மழைக்காலத்தில் களிமண் பாதையில் தோட்டத்து வீட்டுக்குப் போறவங்க, தாராளமா வாங்கட்டும். அவங்களுக்கு அது சோறு போடுற வண்டி. நம்ம தலைப்பு அன்றாடச் சாலை.

நடுவர் மணி அடித்துவிட்டார். எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து வருவார். தன் வண்டியில் அந்தக் குட்டி லிவரைக் கடைசியாக எப்போது போட்டார், எந்த ஊர்ச் சேற்றில் போட்டார் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் பேசட்டும்.