வகுப்பறையில் ஆட்டிசக் குழந்தை: ஆசிரியருக்கு வேண்டிய பயிற்சி

(பெங்களூரில் ஆசிரியர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனத்தில், அதாவது நிம்ஹான்ஸில், குழந்தைகள் மனநலப் பிரிவில் ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சிகிச்சைக்கு வரும் குழந்தையோடு தாயோ தந்தையோ உடன் தங்குகிறார். குழந்தை எப்போது சீறுகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, எப்போது அமைதியடைகிறது என்பதையெல்லாம் பெற்றோரும் மருத்துவக் குழுவினரும் சேர்ந்தே கவனிக்கின்றனர். வீடு திரும்பிய பின் நாள் முழுவதும் குழந்தையோடு இருக்கப் போகிறவர் பெற்றோரே. ஆகவே அவருக்குக் கற்பிக்காமல் குழந்தைக்கு மட்டும் கற்பித்துப் பயனில்லை என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை.

இதே நியாயம் ஆசிரியருக்கும் பொருந்தும். பள்ளி வயதுக் குழந்தை ஒரு நாளில் ஐந்து, ஆறு மணி நேரம் ஆசிரியரின் பொறுப்பில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அது வாரத்தில் ஓரிரு மணி நேரமே செலவிடுகிறது. எனினும் ஆசிரியருக்குக் கிடைக்கும் பயிற்சியோ பெரும்பாலும் ஒரு கருத்தரங்கு, ஒரு கையேடு, மதிய உணவு, வருகைச் சான்றிதழ் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது.

ஆட்டிசம் என்னும் நிலையை 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து விவரித்தார். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதை ஒத்த நிலையை எழுதினார். பிறரோடு உறவாடுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் வேறுபாடு; மாறாத ஒழுங்கில் பிடிப்பு; ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல்; ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன இதன் பொதுவான கூறுகள். இவை ஒவ்வொரு குழந்தையிடமும் ஒவ்வோர் அளவில் அமைகின்றன. ஆட்டிசம் ஒரு நோயன்று; வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. தமிழில் இதற்கு 'மதியிறுக்கம்' என்றும் 'புறஉலகச் சிந்தனையின்மை' என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டாம் பெயர் அரசு ஆவணங்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் அது குழந்தையைப் பற்றித் தவறான எண்ணத்தையே தருகிறது. மின்விசிறியின் மெல்லிய முனகலைக்கூடத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குப் புற உலகம் எட்டவில்லை என்று சொல்ல முடியுமா? அளவுக்கு மீறி எட்டுவதே அதன் தொல்லை.

தொடக்க காலத்தில் பழி தாய்மார் மீது விழுந்தது. பாசமற்ற வளர்ப்பே காரணம் என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் பரப்பியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என வாதிட்டு நூல் எழுதியிருந்தார். பின்னர் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் பெற்றோரையே கற்பித்தலில் கூட்டாளிகளாக ஏற்று வகுத்த முறை 1972-இல் அம்மாநிலத் திட்டமாக ஆயிற்று. படங்களால் ஆன கால அட்டவணை, ஒவ்வொரு வேலைக்கும் குறித்த இடம், தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும்படியான பணிகள் என இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் காணப்படும் ஏற்பாடுகள் பலவும் அம்முறையிலிருந்து பரவியவை.

இந்தியச் சட்டங்கள் இந்நிலையை ஏற்கக் காலம் பிடித்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைக் குறிப்பிட்டது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது முதன்முதலாக இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதை ஏற்றது. ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதேனும் ஒரு குறைபாடு உள்ளது. ஆட்டிசம் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் உள்ளது. அப்படியாயின் சில நூறு மாணவர் பயிலும் எந்தப் பள்ளியும், 'எங்களிடம் அப்படிப்பட்ட குழந்தைகள் இல்லை' என்று சொல்வதற்கு இடமில்லை. இருக்கிறார்கள், அல்லது அவர்களைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆசிரியர்ப் பயிற்சியில் பெங்களூருக்கு ஒரு பழைய மரபு உண்டு. 1970-களின் பிற்பகுதியிலேயே நிம்ஹான்ஸில் மாளவிகா கபூரும் உடன் பணியாற்றியோரும் பள்ளி ஆசிரியர்களுக்குக் குழந்தைகளின் மன எழுச்சிச் சிக்கல்கள் பற்றிய அறிமுகப் பயிற்சிகளை நடத்தி, அவற்றின் பயனையும் மதிப்பிட்டனர். 1980-இல் தோன்றிய கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கெனத் தொடங்கி, பின்னர் ஆட்டிசக் குழந்தைகளையும் ஏற்று, சிறப்பாசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கலாயிற்று. 1995-இல் 'ஆஷா' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமைப்பு ஆட்டிசத்துக்கெனவே தொடங்கப்பட்டது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த பிரதிபா காரந்த் 2000-இல் பெங்களூரில் தொடங்கிய 'காம் டீல்' திட்டமோ பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளுக்கானது. பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் தனித்தனி அறைகளில் அமராமல் ஒரே குழுவாக நின்று சிறு குழுக் குழந்தைகளோடு நாள்தோறும் பணியாற்றுகின்றனர். பொதுப் பள்ளியில் சேரும் தகுதியை விரைவில் எய்தச் செய்வதே நோக்கம்.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் நகரத்தின் ஒரு பகுதியில் இத்தகைய திறன் குவிந்திருக்க, அரசுப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை தனியாகவே நிற்கிறார். கர்நாடகத்தில் வட்டார வள மையங்களில் ஒருங்கிணைந்த கல்விக்கான வள ஆசிரியர்கள் உள்ளனர். ஒருவர் பொறுப்பில் பல பள்ளிகள். சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் பொது ஆசிரியர் சிலருக்கு 90 நாள் அடிப்படைப் பயிற்சி தரப்பட்டதும் உண்டு. எல்லாவகைக் குறைபாடுகளும் அந்த 90 நாள்களுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் ஆட்டிசத்துக்குக் கிடைத்த பங்கு சிறிது.

பயிற்சியின் மையமாக இருக்க வேண்டியது எது? நடத்தையைப் படிக்கும் திறன். எடுத்துக்காட்டாக, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் பதினோரு மணியளவில் அருகிலிருப்பவனைக் கிள்ளுகிறான். ஆசிரியை அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார். மறுநாளும் கிள்ளுகிறான், மீண்டும் வெளியே நிறுத்துகிறார். ஒரு மாதம் கழித்துக் கிள்ளுதல் இருமடங்காகிறது. பையன் அடங்காதவன் என்று முடிவாகிறது. ஆசிரியை ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, நடத்தைக்கு முன் என்ன நடந்தது, அவன் செய்தது என்ன, உடனே பின் நடந்தது என்ன என்று பத்து நாள் குறித்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். பதினோரு மணிக்கு வகுப்பு முழுவதும் உரக்க வாய்ப்பாடு ஒப்பிக்கிறது. அந்த ஒலி அவனுக்குத் தாங்கவில்லை. கிள்ளினால் வெளியே அனுப்பப்படுகிறான், வெளியே அமைதி. ஆசிரியை தண்டனை என்று கருதியது அவனுக்குப் பரிசாக அமைந்துவிட்டது.

நடத்தைக்குப் பொதுவாக நான்கு பயன்கள் கூறப்படுகின்றன. பிறர் கவனத்தைப் பெறுதல், வேண்டிய பொருளைப் பெறுதல், வேண்டாததிலிருந்து தப்புதல், உடலுக்கு இதமான உணர்வைப் பெறுதல் என்பனவே அவை. ஒரே கிள்ளுதல் இரு குழந்தைகளிடம் இரு வேறு பயன்களுக்காக நிகழலாம். ஆகவே மருந்தும் வேறு. மேற்சொன்ன சிறுவனுக்கு வேண்டியது, 'எனக்கு ஓய்வு வேண்டும்' என்று காட்டும் ஓர் அட்டை. அதைக் காட்டியவுடன் சில நிமிடம் தாழ்வாரத்தில் அமரும் அனுமதி. கிள்ளாமலே அதே பயன் கிடைக்கும்போது கிள்ளுதல் மெல்லக் குறைகிறது. பழைய வழி பலிக்காத முதல் சில நாள்களில் அந்நடத்தை முன்னைவிடக் கூடுவதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாத பயிற்சி, ஆசிரியரை மூன்றாம் நாளே முயற்சியைக் கைவிடச் செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பேச முடியாத குழந்தையிடம் திடீரென்று தோன்றும் சீற்றத்துக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் காரணமாகலாம். வலிப்பு நோயும் ஆட்டிசக் குழந்தைகளிடம் மற்றவரைவிட மிகுதி. மருத்துவர் பார்க்கும் முன் நடத்தைத் திட்டம் வகுப்பது முறையன்று. அடிப்பது எவ்வகையிலும் வழியன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்கிறது.

இந்தியச் சூழலுக்கேற்ற கருவிகளும் உண்டு. செகந்தராபாத்திலுள்ள தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் (இப்போது வேறு பெயர் பெற்றுள்ளது) 1992-இல் வெளியிட்ட நடத்தை மதிப்பீட்டு அளவையை ரீத்தா பேஷாவாரியாவும் எஸ். வெங்கடேசனும் உருவாக்கினர். அதன் முதற்பகுதியில் திறன்கள் பற்றி 280 கூறுகளும், இரண்டாம் பகுதியில் சிக்கல் நடத்தைகள் பற்றி 75 கூறுகளும் உள்ளன. குழந்தையால் என்ன செய்ய முடியும் என்ற பகுதி முதலிலும் பெரிதாகவும் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. 2009-இல் வந்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவையில் 40 கூறுகள். சான்றிதழ் வழங்க அதுவே பயன்படுகிறது. பள்ளியில் முதற்கட்டமாக இனங்காண 2022-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 'பிரஷஸ்த்' என்னும் செயலியை வெளியிட்டது. ஆனால் இனங்காண்பது சிகிச்சையன்று. பட்டியலில் பெயர் ஏறிய பின் வேறெதுவும் நடவாத குழந்தைக்கு அதனால் கிடைத்தது ஒரு முத்திரை மட்டுமே.

பெங்களூரில் இன்னொரு சிக்கல் மொழி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அண்டை வீட்டில் உருது அல்லது தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்பது இந்நகரில் சாதாரணம். குழந்தை பேசத் தாமதமானால், 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கிறது. அல்சூரில் வாழும் தமிழ்த் தாய் தமக்குச் சரளமில்லாத மொழியில் இரண்டு மூன்று சொற்களோடு குழந்தையிடம் தடுமாறுகிறார், தாலாட்டு நின்றுபோகிறது, பாட்டியின் கதை நின்றுபோகிறது. பன்மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சிக்குத் தீங்கு செய்வதில்லை என்றே பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பேச்சு குறைந்த குழந்தையிடமிருந்து வீட்டு மொழியைப் பறிப்பது, உள்ள உறவையும் குறைப்பதாகும். பயிற்சி பெறும் ஆசிரியர் குறைந்தது குழந்தையின் வீட்டு மொழியில் இருபது சொற்களையாவது, அதாவது தண்ணீர், கழிப்பறை, வலி, வேண்டாம், போதும், அம்மா என்பன போன்றவற்றை, கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. பட அட்டையில் மொழிச் சுமை குறைவு. அதன் கீழ் எழுதும் சொல் எம்மொழியில் இருக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தோடு பேசித் தீர்மானிக்கலாம்.

ஆகவே பயிற்சி வகுப்பறையிலேயே நடைபெற வேண்டும். இரண்டு நாள் விரிவுரைக்குப் பதிலாக அரை நாள் விளக்கம். பிறகு வள ஆசிரியர் மாதம் இருமுறை வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தல். அன்று மாலையே அரை மணி நேரம் பேசுதல். செலவு அதிகமில்லை, ஆள்தான் வேண்டும். ஆயாவும் பேருந்து உதவியாளரும் மதிய உணவு பரிமாறுவோரும் இப்பயிற்சியில் சேர வேண்டும். வகுப்பில் அமைதியாக இருந்த குழந்தை சாப்பாட்டு வரிசையின் இரைச்சலிலும் சூடான பாலின் மணத்திலும் நிலைகுலைவது அடிக்கடி நிகழ்வது. அங்கே ஆசிரியர் இருப்பதில்லை.

ஆள் பற்றாக்குறைக்கு வருவோர் குறைவு என்பது பாதிக் காரணமே. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுவின் அங்கீகாரம் பெற்ற பட்டயமும் பட்டமும் முடித்தோர் பலர் ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுக்கு ஆண்டு காத்திருக்கின்றனர். இது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல், பல பள்ளிகளுக்குச் சென்று வரும் சிறப்பாசிரியர் முறை இடைக்கால ஏற்பாடாகவே இருக்கலாம் என்று கூறி, நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கப் பணித்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு, தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கு ஒருவர், உயர்தொடக்க வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என விகிதம் வகுத்தது. 2025-இல் நீதிமன்றம் மீண்டும் மாநிலங்களை நோக்கிப் பணியிடங்களை அறிவிக்குமாறு கூற வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் முடிந்து ஓர் ஆசிரியர் போகும்போது, இரண்டாண்டு முயன்று அவரிடம் பழகிய குழந்தை ஒரே நாளில் மாறுதலுக்கு ஆளாகிறது. மாறுதலையே தாங்க இயலாத குழந்தைக்கு இது சிறு இழப்பன்று.

பணியிடங்கள் நிரம்பும்வரை பள்ளிகள் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தைக்கு எது பிடிக்கும், எது அச்சம் தரும், எந்தச் சைகைக்கு என்ன பொருள், சீற்றத்துக்கு முன் தோன்றும் அடையாளம் யாது, எது அமைதி தரும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, தாயிடம் காட்டித் திருத்தி, கோடை விடுமுறைக்கு முன் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மற்ற குழந்தைகள் வருமுன், அக்குழந்தையைப் புதிய அறைக்கு அழைத்து வந்து, இருக்கையையும் கழிப்பறைக்குச் செல்லும் வழியையும் காட்டி, புதிய ஆசிரியரின் புகைப்படம் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். இதற்கு அரசாணை தேவையில்லை.