இஸ்தான்புல்லில் ஒரு கல்யாணம்

இஸ்தான்புல்லில் நண்பருக்குக் கல்யாணம். விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. அப்படியே ஊரையும் பார்த்துவிடலாம் என்று ஆசை வருமே!

அந்த ஊரை பாஸ்பரஸ் நீரிணை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தக் கரை ஐரோப்பா, அந்தக் கரை ஆசியா. மண்டபம் எந்தக் கரையில் என்று முதலில் கேளுங்கள். சாயங்கால நேரத்தில் காரில் பாலத்தைக் கடக்கக் கிளம்பினால், நெரிசலில் சாப்பாட்டு நேரம்கூடத் தப்பிப் போகலாம். ஐரோப்பியக் கரையிலுள்ள எமினோனுவிலிருந்து ஆசியக் கரையிலுள்ள காடிகோய்க்குப் படகில் ஏறக்குறைய இருபது நிமிடம்தான். கடலுக்கு அடியிலும் 2013 முதல் ரயில் ஓடுகிறது. என்னைக் கேட்டால் படகுதான். பயணச்சீட்டு விலையிலேயே மசூதிக் கோபுரங்களையெல்லாம் பார்த்துவிடலாம்.

அடுத்து, கிழமை பார்க்கணும். ராகுகாலத்துக்காக இல்லை! டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. 537-இல் கட்டி முடித்த ஹாகியா சோபியா இப்போது மசூதி. வெள்ளி மதியம் தொழுகை முடியும்வரை சுற்றுலாக்காரர்கள் காத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பு பெண்வீட்டில் மருதாணி இரவு உண்டு. கூப்பிட்டால் அரண்மனையை விட்டுவிட்டுப் போங்கள். கல்யாண ஆட்டம் நள்ளிரவு வரை நீளும்; மறுநாள் காலைக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மொய் அங்கேயும் உண்டு. சிவப்பு நாடா கட்டிய தங்கக்காசை எல்லார் முன்னாலும் மணமக்களுக்குக் குத்திவிடுவார்கள். கிராண்ட் பஜார் நகைக்கடைகளில் அந்தக் காசு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் என்றால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பஜார் திறக்காது.