அரிசி மூட்டையோடு போகிறவர்கள்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தேவாலய வளாகத்தில் அரிசி, மைலோ, பிஸ்கட் எல்லாம் மூட்டையாகக் கட்டப்படுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மலேசியாவில் பல பங்குகளில் (தேவாலயத்தைச் சார்ந்த வட்டாரத்தைக் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்கள்) அந்த வேலையைச் செய்வது புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. ஏழையை வரவழைத்துக் கொடுக்காமல், இருவர் இருவராக வீடு தேடிப் போவது அன்று முதல் வழக்கம்.

ஏன் வீட்டுக்கே போக வேண்டும்? வாசலில் கொடுத்தனுப்பினால் பசி மட்டும்தான் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்தால், பள்ளி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருப்பது தெரியும். விசாரித்தால், பிறப்புப் பத்திரம் இல்லை என்பார்கள். பெற்றோர் கோயிலில் தாலி கட்டியதோடு சரி; 1982 முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டப்படி பதிவு செய்திருக்க மாட்டார்கள். தாய் வெளிநாட்டவராகவும் இருந்துவிட்டால், தந்தை மலேசியராக இருந்தும் குழந்தைக்குக் குடியுரிமை தானாக வராது. மூலையில் இருக்கும் பாட்டியிடமோ சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்தது இந்நாட்டுத் தோட்டத்தில்!

எத்தனை மூட்டை அரிசி கொடுத்தாலும் இது தீராது அல்லவா? திருச்சபை சொல்லும் சமூக நீதிக்கு இங்கேதான் வேலை. தொழிலாளிக்கு நியாயமான கூலி தருவது தருமம் அல்ல, கடமை என்று 1891-இல் பாப்பரசர் 13-ஆம் லியோ சுற்றுமடல் எழுதியதும் இதே நோக்கில்தான்.

இதில் சேர இறையியல் படிக்க வேண்டியதில்லை. மலாய் பாரம் நிரப்பத் தெரிந்தவர், கார் உள்ளவர், பதிவிலாகாவில் காத்திருக்கப் பொறுமை உள்ளவர் யாராயினும் போதும். பங்கு அலுவலகத்தில் கேட்டால் சபையினர் கூடும் நாளைச் சொல்வார்கள். முதலில் பழைய உறுப்பினரோடு கூடப் போய்வரலாம். படமெடுத்து மாட்டிக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் இந்த வேலை ஒத்துவராது.

பழைய பங்குகளில் இன்னொரு சொத்தும் உண்டு: திருமுழுக்குப் பதிவேடு. அதில் பிறந்த தேதி, பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர் இருக்கும். பிறப்புப் பத்திரத்துக்கு அது ஈடாகாது. மனுவோடு துணைச் சான்றாக இணைக்கலாம். சபை மதம் பார்ப்பதில்லை. ஆனால் மற்ற மதத்தினருக்கு அந்த ஏடு உதவாதே! அவர்களுக்காகத் தோட்டத்துப் பெரியவர்களையும் பழைய பள்ளிப் பதிவேட்டையும் தேடிப் போக வேண்டும்.

மனுவுக்குப் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. பிள்ளை காத்திருக்குமா, வளர்ந்துவிடும். அதனால் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டு போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மனு எண்ணையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.