எடுத்த சீட்டும் விட்ட சீட்டும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். வகுப்பறை விளையாட்டுகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். பல விளையாட்டுகளைப் பட்டியலிடாமல், ஒன்றே ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். அது ஒரு சீட்டு விளையாட்டு. சீட்டு என்றதும் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. காசு வைத்து ஆடும் ஆட்டம் அல்ல, கவலை வேண்டாம்.

எங்கள் பகுதியில் சீட்டு என்பது மரியாதையான சொல். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் நன்றாக உள்ள இடங்களில் இறால் அதிகம் விழும். அந்த இடம் வேண்டும் என்று எல்லோரும் போனால் சண்டைதான் மிஞ்சும். அதனால் பாடு முறை உள்ள ஊர்களில், எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும். இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இறால் வலைக்கு இப்படிக் குலுக்கல் உண்டு. எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். 2013-இல் ஆஸ்திரேலியாவின் ஃபில் வாக்கர் ஹார்டிங் என்பவர் உருவாக்கிய ‘சூஷி கோ’ என்ற ஆட்டத்தைச் சென்னையில் உறவினர் வீட்டில் பார்த்தேன். ஜப்பானிய உணவுப் பெயர்கள் உள்ள 108 அட்டைகள். பல சீட்டாட்டங்களில் கைக்கு வந்த சீட்டோடுதான் ஆட வேண்டும். இதில் அப்படி இல்லை. கையில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி அனைத்தையும் இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். வலப்பக்கத்தவர் விட்டது நம் கைக்கு வரும்.

அந்த விதிகளைச் சுருக்கி, பழைய நாட்காட்டி அட்டையில் 40 சீட்டுகள் வெட்டினேன். இறால் 12, நண்டு 12, மடவை 10, வலை 6. இரண்டு இறால் சேர்ந்தால் 5 புள்ளி. ஒன்று மட்டும் இருந்தால் சுழி. மூன்று நண்டு சேர்ந்தால் 10. ஒன்றோ இரண்டோ இருந்தால் சுழி. மடவை ஒவ்வொன்றும் 2 புள்ளி. வலையை முதலில் எடுத்துவிட்டால், அடுத்து எடுக்கும் ஒரு மடவைக்கு மூன்று மடங்கு. ஆளுக்கு 8 சீட்டு; ஐந்து பேர் வரை ஆடலாம். எல்லோரும் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

முதலில் வீட்டில்தான் ஆடினோம். கணவர், மகள், பக்கத்து வீட்டு அக்கா, நான். என் மாமியார், “வீட்டுக்குள்ள சீட்டாட்டமா?” என்று தள்ளியே இருந்தார். மூன்றாம் நாள் அவரும் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார். எப்படி என்று கேட்டோம். “நீங்கல்லாம் உங்க சீட்டையே பாக்குறீங்க. நான் அடுத்தவ முன்னாடி என்னா கெடக்குதுன்னு பாத்தேன்” என்றார். பல வருடம் இறால் ஏலத்தில் நின்றவர். இந்த ஆட்டத்தின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் முன்னால் ஒரு இறால். இடப்பக்கத் தோழியின் முன்னால் இரண்டு நண்டு. உங்கள் கைக்கு வந்த சீட்டுகளில் ஒரு இறாலும் ஒரு நண்டும் இருக்கின்றன. இறாலை எடுத்தால் உங்களுக்கு உடனே 5. ஆனால் நீங்கள் விட்ட நண்டு தோழிக்கு 10 ஆகிவிடும். நண்டை எடுத்தால் அவருக்கு இப்போது ஒன்றும் இல்லை, உங்களுக்கும் இல்லை. எதை எடுப்பீர்கள்? ஏழாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பாடவேளை முழுவதும் போனது. இன்னும் எத்தனை சுற்று இருக்கிறது, எத்தனை நண்டு வெளியே வந்துவிட்டது என்று பிள்ளைகளே கேட்டுக் கணக்கிட்டார்கள். கணக்கில் எப்போதும் வாய் திறக்காத மாணவன் ஒருவன், “நாலு பேர் ஆடினா, மொதல்ல பாத்த கை அஞ்சாவது தடவை திரும்பி வரும் டீச்சர். அப்ப அதுல நாலு சீட்டு இருக்கும்” என்றான். சரியான விடை. அதிலிருந்து, இடையில் யார் எதை எடுத்தார்கள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பது அடுத்த பயிற்சியானது.

கணக்கைத் தாண்டி ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

சீட்டைக் குலுக்கிப் போடும்போது, பாடு மாதிரி என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அப்போது ஒரு மாணவி என் அருகில் வந்து, “எங்க வீட்டுக்குப் பாடு கெடையாது டீச்சர். எனக்குச் சீட்டு உண்டா?” என்று கேட்டாள். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பம் அவளுடையது. பாடு உரிமை ஏரியை நம்பி வாழும் எல்லோருக்கும் கிடையாது. சீட்டில் பெயர் உள்ளவர்களுக்குள் அது நியாயமான முறை. சண்டையைத் தவிர்த்த முறை. பெயர் இல்லாதவர்களுக்கு அந்த நியாயம் எட்டுவதில்லை. ஏரியின் வழக்கை நான் வகுப்பறையில் தீர்க்க முடியாது. “இங்க உட்கார்ந்தவங்க எல்லாருக்கும் எட்டுச் சீட்டு” என்றேன். உட்கார்ந்தாள். ஆடினாள்.

மறுநாள், குலுக்கல் எப்போது நியாயம் என்று வகுப்பில் பேசவிட்டேன். “பேரு போட்டாதானே குலுக்கல்ல வரும்” என்று பாடு உள்ள வீட்டுப் பையனே சொன்னான். சமூக அறிவியல் ஆசிரியர் அந்த விவாதத்தை, பொது வளங்கள் பற்றிய தன் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்.

நண்பர்களே, நம் வகுப்பிலும் தினமும் சீட்டு போடுகிறோம். யாரைக் கேள்வி கேட்பது, யாரை மேடையேற்றுவது, யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று. அந்தச் சீட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

ஆடிப் பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஐந்து பேருக்கு ஒரு கட்டு வேண்டும். உங்கள் ஊருக்கு ஏற்பப் பெயர்களை மாற்றுங்கள்; நெல், கரும்பு, மல்லிகை, எதுவும் ஆகலாம். புள்ளிக் கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும். காசோ பரிசோ வேண்டாம். முதல் ஆட்டத்துக்கு முன் பெற்றோரை ஒருநாள் அழைத்து ஆட வையுங்கள். சூதாட்டம் என்ற சந்தேகம் அங்கேயே தீரும். தோற்ற பிள்ளையிடம், “எந்தச் சீட்டை விட்டாய், ஏன் விட்டாய்?” என்று கேளுங்கள். பாடம் அந்தப் பதிலில்தான் தொடங்கும்.