வானம் ஒண்ணு, படிக்கட்டு ரெண்டு
(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பத்திப் பேசச் சொன்னீங்க. திரையில் என்ன ஓடுதுன்னு நாம நிறையப் பேசியாச்சு. நான் திரைக்கு முதுகைக் காட்டி நின்னு கேக்கிறேன். யார் எங்கே உட்கார்ந்தாங்க? எந்த வழியா உள்ளே வந்தாங்க? இந்தக் கேள்வியோட ஒரு கட்டடத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அட்லாண்டா நகரம். அங்கே பீச்ட்ரீ தெருவில் ஃபாக்ஸ் தியேட்டர். ஷ்ரைனர்கள் என்ற வெள்ளையர் சங்கம் தன் தலைமையகமாகக் கட்ட ஆரம்பிச்சது. பணம் போதலை. அரங்கை வில்லியம் ஃபாக்ஸ் என்ற சினிமா முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டாங்க. 1929 டிசம்பர் 25இல் திறந்தாங்க. பங்குச்சந்தை சரிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது.

பகட்டுக்குக் குறைவில்லை. வெளியே குமிழ் கோபுரம், மினார்கள். உள்ளே 4,000க்கும் மேற்பட்ட இருக்கைகள். அரங்கம் அரபு தேசத்துக் கோட்டை முற்றம் மாதிரி. தலைக்கு மேலே ராத்திரி வானம். படிக நட்சத்திரங்கள் மின்னும், மேகம் நகரும். விருந்து மண்டபம் எகிப்தியக் கோயில் பாணியில். ஆப்பிரிக்க மண்ணின் கலை அவனுக்கு வேணும். அந்த மண்ணிலிருந்து விலங்கு போட்டு இழுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் முன்வாசல் வழியா வரக்கூடாது.

கறுப்பின மக்களுக்குப் பக்கவாட்டில் தனி வாசல். கட்டடத்தின் வெளிப்புறமாக ஏறும் தனிப் படிக்கட்டு. அது உச்சியிலிருக்கும் கேலரியில் கொண்டுபோய் விடும். காவலாளி ஒருத்தன் கோபத்தில் துரத்தின கதை இல்லை இது. வரைபடத்தில் கோடு போட்டு, செங்கல் அடுக்கிக் கட்டிய ஒதுக்கல். காவலாளி வாயே திறக்க வேண்டாம், படிக்கட்டே சொல்லிடும். நம்ம ஊரில் தரை டிக்கெட் கீழே, பணக்காரன் பால்கனியில். அங்கே ஒதுக்கப்பட்டவன் உச்சியில். மேல், கீழ் என்பது உயரத்தைப் பொறுத்ததில்லை, யார் கையில் அதிகாரம் என்பதைப் பொறுத்தது.

அதே நகரத்தில் லோவ்ஸ் கிராண்ட் என்ற தியேட்டர். 1939 டிசம்பர் 15இல் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி அங்கே நடந்தது. அதில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் என்ற கறுப்பினப் பெண் அந்த விழாவுக்கு வர முடியலை. இனப்பிரிவினைச் சட்டம். மறுவருஷம் அதே வேடத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அந்த விருந்திலும் அவருக்குத் தனி மேசைதான். திரையில் இடம் உண்டு, அரங்கில் இடம் இல்லை.

இதை உடைச்சது யாரு? மாணவர்கள். 1960 மார்ச்சில் அட்லாண்டாவின் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் ஒரு மனித உரிமை அறிக்கையைப் பத்திரிகைகளில் வெளியிட்டாங்க. வேலை, கல்வி, வாக்குரிமை, மருத்துவமனை எல்லாம் அதில் இருந்தது. கூடவே சினிமா தியேட்டரும் இருந்தது. படம் பார்க்கிறது அற்ப விஷயம்னு அவங்க ஒதுக்கலை. ஓட்டல்களில் உட்கார்ந்து போராடினாங்க, சிறைக்குப் போனாங்க. 1964இல் வந்த குடியுரிமைச் சட்டம் தியேட்டர்களையும் பேர் சொல்லிச் சேர்த்தது.

1970களின் நடுவில் ஒரு தொலைபேசி நிறுவனம் ஃபாக்ஸை இடிச்சு அலுவலகம் கட்டப் பார்த்தது. ஊரே திரண்டு காப்பாற்றியது. நல்லதுதான். ஆனா காப்பாற்றும்போது எதைக் காப்பாற்றுறோம்? நட்சத்திரத்தை மட்டுமா, படிக்கட்டையும் சேர்த்தா? அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1914இல் கட்டின லிரிக் தியேட்டர். 2016இல் புதுப்பிச்சுத் திறந்தப்போ, கறுப்பினத்தவர் நுழைவாயில் என்று எழுதியிருந்ததை அழிக்காமல் விட்டாங்க. அவமானத்துக்கும் சாட்சி வேணும்.

நம்ம பக்கம் வருவோம். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமா கொட்டகைதான், சாதி வரிசையில் இல்லாமல் காசு வரிசையில் உட்கார்ந்தாங்க என்று கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அது பெரிய உடைப்புதான். ஆனா கையில் காசு யாரிடம் இருந்தது? தரையில் யார் உட்கார்ந்தாங்க? 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில், டிக்கெட் கையில் வச்சிருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்தாங்க. செல்போனில் எடுத்த படம் பரவி, எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் விட்டாங்க. நம்ம ஊரில் தனிப் படிக்கட்டு கட்டத் தேவையில்லை. பார்வையிலேயே வச்சிருக்கான்.

இப்ப பழைய தியேட்டர்கள் ஒவ்வொண்ணா இடிபடுது. பொற்காலம்னு கட்டுரை எழுத ஆள் இருக்கு. மாணவத் தோழர்கள் வேற வேலை செய்யணும். உங்க ஊர்க் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த நம்ம தாத்தா பாட்டிகிட்டப் போங்க. எந்த வழியா விட்டாங்க, பெஞ்சுக்குக் காசு கொடுத்தா கொடுத்தானா, பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போனானா, கேளுங்க. இடிச்ச செங்கல் திரும்ப வராது. அவங்க இருக்கும்போதே எழுதிடுங்க.